ஐயூப் நபியின் மீதிக் கதை

நம்மவர் எழுதும் கதைகளில் வருத்தக்காரர் சுகப்படுவதில்லை. இருபது வருடங்களாக எமது சிற்றிதழ்களில் வரும் சிறுகதைகளை ஒரு கிராமத்து வாத்தியாருக்குரிய பொறுமையோடு வாசித்து வருபவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். நோய் ஒன்று கதைக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு இரண்டே வேலைகள்தான். கதாநாயகனைக் கடைசிப் பந்தியில் மௌத்தாக்கி வாசகரை அழவைக்க வேண்டும். அல்லது, தப்பான வழியில் போனவனைப் பாயில் விழுத்திப் பாடம் படிப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்தெடுத்து, கடன்பட்டு, சுகமாகி, ஒரு நாள் காலையில் மீன் வாங்கச் சந்திக்கு வந்து நிற்கும் ஒரு மனிதனை அக்கதைகளில் நான் கண்டதில்லை.

பழக்கம் பழையது. சீதக்காதி நொண்டி நாடகத்தை எமது இலக்கியப் பரம்பரையின் சொத்தென்று மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அதன் கதையென்ன? ஒருவன் திருடுகிறான், பிடிபடுகிறான், அங்கம் வெட்டப்படுகிறது. பிறகு வள்ளலின் உதவியோடு மக்கா போகிறான், இழந்ததைத் திரும்பப் பெறுகிறான். உடற்குறை குற்றத்தின் கூலி. சுகம் திருந்தியதற்குக் கிடைத்த பரிசு. முந்நூறு வருடத்துக்கு முந்திய நாடகத்தோடு நான் சண்டை பிடிக்கப் போவதில்லை. நவீனத்துவம், பின்நவீனத்துவம் என்றெல்லாம் எழுதித் தள்ளிய பின்னரும் நாம் அதே கணக்கில் நிற்கிறோமே என்பதுதான் என் கேள்வி.

இலக்கியக் குறிப்போடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எனக்கு ஹெபடைட்டிஸ் சீ இருந்தது. 'இருந்தது' என்ற இறந்தகால வினைமுற்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் அதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் எமது சமூகம் அந்த ஒரு வினைமுற்றை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. இந்தக் கட்டுரையின் வழக்கு அதுதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பக்கத்தில் ஈரலில் என்ன வந்தாலும் செங்கமாரி. செங்கமாரி என்றால் கீழ்க்காய்நெல்லி. அரைத்துக் குடித்தால் இரண்டு மூன்று கிழமையில் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடும். கை கண்ட மருந்தென்று ஊர் சாட்சி சொல்லும். அழுக்குத் தண்ணீராலும் உணவாலும் பரவும் 'ஏ' வகை அநேகமானோருக்குத் தானாகவே மாறிவிடுவது. பெயர் மட்டும் கீழ்க்காய்நெல்லிக்கு. 'சீ' வகை வேறு சாதி. இரத்தத்தோடு இரத்தம் கலந்தால் மாத்திரமே பரவுவது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரைக்கும் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே மாறிவிடும். மற்றவர்களுக்கு அது ஈரலுக்குள் குடியிருக்கும். கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சலில்லை, ஒன்றுமில்லை. இருபது, முப்பது வருடம் கழித்து ஈரல் கல்லாக இறுகிய பிறகு, அல்லது அதில் புற்றுநோய் வந்த பிறகுதான் தெரியவரும். 'பீ' வகைக்குத் தடுப்பூசி உண்டு. இந்நாட்டுக் குழந்தைகளுக்கு 2003 தொடக்கம் போடப்படுகிறது. 'சீ'க்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை. 1989இல்தான் அந்த வைரசையே அடையாளம் கண்டார்கள். அதுவரை மருத்துவர்களே அதை 'ஏயுமல்ல, பீயுமல்ல' என்றுதான் அழைத்தார்கள். அந்த ஆராய்ச்சிகளுக்காக அல்ட்டர், ஹூட்டன், ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்குத் தெரியவந்தது ஓர் இரத்ததான முகாமால். கொடுத்த இரத்தத்தைப் பரிசோதித்தவர்கள், வேறு யாருக்கும் தெரியாமல் கௌரவமாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்தக் கௌரவம் ஊருக்குள் வந்ததும் முடிந்துவிட்டது. விசயம் எப்படியோ கசிந்த நாளிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி, எல்லோரிடமும் கேட்ட ஒரே கேள்வி: "மாஸ்டர், ஒங்களுக்கெல்லாம் எப்புடி இது வந்திச்சி?"

அந்த 'ஒங்களுக்கெல்லாம்' என்ற சொல்லைப் பாருங்கள். வேறு எந்த நோய்க்காரனிடமும் நாம் இப்படிக் கேட்பதில்லை. சீனி வருத்தக்காரரிடம் எத்தனை கிலோ தொதல் தின்றீர்கள் என்று விசாரணை வைப்பதில்லை. ஹெபடைட்டிஸ் சீ என்றதும் மட்டும் ஊசி, போதை, பெண் என்று மனதுக்குள் ஒரு வழக்கு எழுதிவிட்டு, சாட்சியம் சரிபார்க்க வருகிறார்கள். எனக்கு எப்படி வந்தது என்பதை என் டொக்டராலும் சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் போட்ட ஏதோ ஓர் ஊசியாக இருக்கலாம், பல் பிடுங்கிய கொறடாக இருக்கலாம், சலூன் கத்தியாக இருக்கலாம். போதை ஊசியால் வந்தவனாகவே இருந்தால்தான் என்ன? அவனுடைய ஈரல் ஈரலில்லையா? 'நல்ல நோயாளி', 'கெட்ட நோயாளி' என்று பிரிப்பதற்கு எமக்கு யார் அதிகாரம் தந்தது?

சிகிச்சையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் உலவும் பயம் பழைய சிகிச்சையின் பயம். முன்பு இன்டர்பெரோன் ஊசி வாரமொன்று. கூடவே தினமும் ரிபாவிரின் குளிசை. 24 வாரம் அல்லது 48 வாரம். ஊசி போட்ட இரவு குளிர் காய்ச்சலில் கட்டில் ஆடும். முடி கொட்டும், இரத்தம் குறையும், மனம் இருண்டுபோகும். உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்களும் உண்டு. இவ்வளவும் பட்ட பிறகு, வைரசின் வகையைப் பொறுத்துப் பாதிப் பேரிலிருந்து முக்கால்வாசிப் பேர் வரைதான் சுகப்பட்டார்கள். அந்தக் காலத்தில் வைத்தியத்தை நடுவில் விட்டு ஓடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

2013இன் கடைசியில் சொபோஸ்புவிர் வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. நான் எடுத்தது அதுவும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த ஒரே குளிசை. நாளுக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம், மொத்தம் 84. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இதில் சுகப்படுகிறார்கள். எனக்குத் தலையிடியும், பின்னேரமானால் கால் இழுத்துப் போட்டது போன்ற களைப்பும் இருந்தன. ஏழாம் வகுப்புக்குக் கதிரையில் இருந்தபடியே பாடம் எடுத்தேன். பிள்ளைகள் கரும்பலகையில் எழுதினார்கள். கிளினிக் நாளில் விடியப்புறம் எலுவன்குளத்திலிருந்து வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் வீதியில் யானைதான் எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும். புத்தளம் போய், அங்கிருந்து கொழும்பு. திரும்பி வரும்போது இஷாவும் முடிந்திருக்கும்.

படப்போகிறவர்களுக்குச் சில விசயங்கள். தொடங்குமுன் 'பீ' வகையும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; அது மறைந்திருந்தால் இந்த மருந்தின் போது தலைதூக்கும். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் சும்மா வாங்கும் குளிசை இந்த மருந்தை உடம்பில் ஊறவிடாது. டொக்டரைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. பச்சிலை, கஷாயமும் அப்படித்தான். நோன்பு மாதம் இடையில் வந்தால், நாளுக்கு ஒரு குளிசைதான் என்பதால் அதை நோன்பு திறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ மாற்றிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். நோன்புக்காக மருந்தை விடுவதுமில்லை, மருந்துக்காக வாய்மூடிக் குற்றவாளிபோல ஒளிந்து திரிவதுமில்லை. கடைசிக் குளிசையோடு எல்லாம் முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். அதன் பிறகு பன்னிரண்டு வாரம் காத்திருந்து மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும். அப்போதும் வைரசு இல்லையென்றால்தான் சுகம். மருந்து குடித்த பன்னிரண்டு வாரத்தைவிட மருந்தில்லாத அந்தப் பன்னிரண்டு வாரம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. களைப்பு உடனே போய்விடாது. ஈரல் முன்னரே இறுகிப்போனவர்கள் சுகப்பட்ட பின்னரும் ஆறு மாதத்துக்கொரு தரம் ஸ்கேன் எடுக்கவேண்டும். மறுபடி தொற்றாது என்ற உத்தரவாதமும் இல்லை.

எனக்கு வைரசு இல்லையென்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நான் பட்டதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அறிக்கை வந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு கலியாண வீடு. சஹன் வைத்தார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்பது எமது வழமை. நான் உட்கார்ந்த சஹனில், என்னோடு வந்த என் மச்சானைத் தவிர யாருமில்லை. பக்கத்துச் சஹனில் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வாழ்நாளில் ஒருபோதும் அப்படிப் பக்கத்துச் சஹனை நான் எண்ணிப் பார்த்ததில்லை. பிறகு, களப்பில் தொழில் செய்யும் ஒரு வயதான மாமா வந்து சாரத்தை ஒதுக்கிக்கொண்டு இருந்தார். "தம்பி, அந்த எறச்சிய இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் எந்தச் சிற்றிதழும் வாசிப்பவரல்ல. பக்கத்துச் சஹனில் இருந்த எட்டுப் பேரில் இருவர் எழுத்தாளர்கள், ஒருவர் எமது துறையில் மேலதிகாரி.

ஆசிரியர் அறையில் என் தேத்தண்ணிக் கோப்பையின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்ததையும் சொல்லிவைக்கிறேன்.

சோற்றாலும் கோப்பையாலும் முஸாபஹாவாலும் கட்டிப் பிடிப்பதாலும் இருமலாலும் இது பரவுவதில்லை. இதை அறியாதவர்கள் என்று அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விளங்கும் விசயம் இது. எல்லோரும் எனக்கு ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: "சபூர் செய்ங்க மாஸ்டர், ஐயூப் நபியப் பாருங்க."

பார்க்கத்தான் செய்தேன். எமது பயான்களில் ஐயூப் (அலை) அவர்களின் கதை எங்கே நிற்கிறது? அவர்களது உடம்பில் புழு நெளிந்ததை அரை மணித்தியாலம் வர்ணிப்பார்கள். அந்தப் புழு குர்ஆனில் இல்லை. பொறுமையைச் சொல்லி அழுவார்கள். அத்தோடு துஆ ஓதி முடித்துவிடுவார்கள். குர்ஆனில் கதை அங்கே முடிவதில்லை. காலால் தரையில் அடிக்கும்படி கட்டளை வருகிறது. குளிப்பதற்கும் குடிப்பதற்கும் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கிறது. குடும்பம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. அதோடு அதே அளவு மேலதிகமாகவும் கொடுக்கப்படுகிறது. அதாவது சுகப்பட்ட மனிதன் ஊருக்குள், உறவுக்குள், சஹனுக்குள் திரும்பி வருகிறான். எமது மௌலவிமாரும் எமது சிறுகதையாசிரியர்களும் ஒற்றுமையாக விட்டுவிட்டது இந்த மீதிக் கதையைத்தான். நோயாளிக்குச் சொல்ல எம்மிடம் சபூர் என்ற சொல் இருக்கிறது. மௌத்தானவருக்குச் சொல்ல வார்த்தை இருக்கிறது. சுகப்பட்டு வருபவனிடம் சொல்ல எம் நாவில் ஏதுமில்லை.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் மாவட்டத்துக்கு வந்த மக்களைப் பற்றி எழுதியதிலும் இதே குறைதான். ஓலைக் கொட்டில்களின் கண்ணீரை எழுதினோம். எழுதாமல் இருந்திருக்க முடியாது. அந்தக் கொட்டிலிலிருந்து கடை வைத்தவனையும், பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பிய உம்மாவையும் எத்தனை பேர் எழுதினோம்? இழப்பு இலக்கியமாகத் தெரிகிறது. எழுந்து நடப்பது எமக்குச் செய்தியாகக்கூடத் தெரிவதில்லை. சரி, இது வேறு கட்டுரைக்குரியது.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள். நோய் மாறினாலும் அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கியது இரத்தத்தில் தங்கிவிடும். எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் அதைப் பிறபொருளெதிரி என்போம். அது ஆறிய காயத்தின் தழும்பு. பிறபொருளெதிரியை மட்டும் பார்க்கும் பரிசோதனையை எத்தனை தரம் செய்தாலும் 'உண்டு' என்றே வரும். வைரசு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை வேறு. வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குப் போகிறவர்களின் மெடிக்கலில் ஹெபடைட்டிஸ் சீயும் தகுதியில்லை என்ற பட்டியலில் இருந்து வந்தது என்பதை எமது ஊர்களில் அறியாத வீடில்லை. என் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி ஒரு துண்டோடு திரும்பி வந்தான். அது என்ன நோய், எங்கே போய் மருந்தெடுப்பது, மருந்து இருக்கிறதா என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். பேசி வைத்திருந்த நிகாஹ் நின்றது. அவன் ஈரலைப் பார்க்கவில்லை, வீட்டுக்குள் இருந்துவிட்டான். எனக்கு வந்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான், ஓர் இரவில் பின்பக்கத்தால் வந்து, "நானா, அதுக்கு மருந்து இரிக்கா?" என்று கேட்டான். ஏழு வருடம் கழித்து! அந்த ஏழு வருடத்துக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் இந்நோய் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, இதற்கெதற்கு இவ்வளவு சத்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். குறைவாக இருப்பதால்தான் சத்தம். நோயாளி தனியன், அவனுக்குப் பக்கத்தில் அதே நோயோடு இன்னொருவன் இல்லை. தவிர, பயப்பட வேண்டிய இடத்தில் நாம் பயப்படுவதாகத் தெரியவில்லை. என் கோப்பைக்கு நூல் கட்டியவர்கள் சலூனில் பிளேட்டை மாற்றச் சொல்லிக் கேட்கிறார்களா? பாகிஸ்தானிலும் எகிப்திலும் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பாவித்த ஊசியோடு சவரக் கத்தியும் சேர்ந்தே வருகிறது. மினாவில் தலை சிரைக்கும்போது ஒருவரது பிளேட் மற்றவருக்குப் போகக்கூடாதென்று சவூதி அரசே விதி வைத்து, அனுமதி பெற்ற நாவிதர்களிடம் போகச் சொல்கிறது. எங்கள் ஹாஜிமார் எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்கள்? சுன்னத்து வைப்புக்கு முன்னொரு காலத்தில் ஒஸ்தா மாமா ஒரே கத்தியோடு தெருத் தெருவாகப் போனார். இன்று அநேகமாக டொக்டரிடம் போகிறோம், நல்லது. ஆனால் அந்த இடத்துக்கு இப்போது ஹிஜாமா முகாம்கள் வந்திருக்கின்றன. ஹிஜாமாவை நான் குறை கூறவில்லை. தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஒரு காரியத்தை, சுன்னத்து என்ற சொல்லை முன்னால் வைத்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று நினைப்பதைத்தான் குறை கூறுகிறேன்.

எகிப்தின் கதை இங்கே பொருந்தும். 1950கள் தொடக்கம் 1980களின் ஆரம்பம் வரை அந்நாட்டு அரசு, நைல் நதியோர விவசாயிகளின் பில்ஹார்சியா நோயை ஒழிக்க ஊர் ஊராக ஊசி போட்டது. எண்ணம் நல்ல எண்ணம். கண்ணாடி ஊசிகளைச் சரியாக அவிக்காமல் ஆளுக்காள் மாற்றிப் போட்டதால், ஒரு நோயை விரட்டப் போன ஊசி இன்னொன்றை ஊர் முழுக்க விதைத்துவிட்டது. உலகத்திலேயே ஹெபடைட்டிஸ் சீ அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது அப்படித்தான்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அமெரிக்காவில் ஒரு குளிசை 1000 டொலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர் என்று சொபோஸ்புவிரை விற்ற அதே கம்பனியோடு பேரம் பேசி, 2014இல் எகிப்து அதை 900 டொலருக்கு வாங்கியது. பின்னர் தன் நாட்டிலேயே செய்து விலையை இன்னும் வீழ்த்தியது. அதே 2014இல் ஏழு இந்தியக் கம்பனிகளுக்கும் உற்பத்தி அனுமதி கிடைத்ததால்தான் மருந்தின் விலை எம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது. 2018 ஒக்டோபரிலிருந்து ஏழு மாதத்துக்குள் எகிப்து ஏறத்தாழ 5 கோடிப் பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தது. 2023 ஒக்டோபரில், இந்நோயை ஒழிக்கும் பாதையில் முன்னணியில் நிற்கும் முதல் நாடென்று உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது. யாருக்கு எப்படி வந்தது என்று விசாரணை வைத்துக்கொண்டிருந்தால் அந்த நாடு இன்றும் முதலாவது வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். மாறாக, 2022 கணக்கின்படி உலகில் அதிகமான நோயாளிகள் பாகிஸ்தானில், 88 இலட்சம் பேர். இரண்டும் முஸ்லிம் நாடுகள், இரண்டும் ஏழை மக்கள் நிறைந்தவை.

ஓராபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பில் வந்திறங்கியதைப் பற்றி நாம் எழுதாத ஆண்டு மலர் இல்லை. எகிப்திலிருந்து துருக்கித் தொப்பியை எடுத்தோம், கல்வி எழுச்சியை எடுத்தோம் என்று பெருமைப்படுகிறோம். அண்மையில் அவர்கள் செய்ததை எடுக்க மட்டும் ஏன் கை கூசுகிறது?

கொழும்புக் குப்பையை எங்கள் அறுவாக்காட்டில் கொட்டாதே என்று 2018இல் புத்தளம் தெருவில் இருந்தது. நானும் போயிருந்தேன். மேடையில் கவிதை வாசித்தார்கள், மௌலவிமாரும் பிக்குமாரும் பாதிரிமாரும் பேசினார்கள். வெளியிலிருந்து வரும் அழுக்கென்றால் எமக்கு நல்ல தமிழ் வருகிறது. உள்ளே இருக்கும் பிளேட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொல் வரண்டுவிடுகிறது.

இலக்கியக் காலாண்டிதழில் எதற்கு ஈரல் வியாபாரம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கட்டுரையின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசியுங்கள் என்பதே அவர்களுக்கு என் பதில். உறவுக்காரப் பையன் இப்போது குளிசையில் அறுபத்திரண்டாம் நாளில் இருக்கிறான். கதை எழுதுகிறவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் தருகிறேன். அவனை மௌத்தாக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

வரும் மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியொன்றில் ஹிஜாமா முகாமென்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு பிளேட்டா, கிண்ணத்தை எதில் கழுவுகிறீர்கள், இரத்தம் பட்ட பஞ்சையும் பிளேட்டையும் எங்கே போடுகிறீர்கள் என்று மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாஸ்டருக்குத் தேவையில்லாத வேலை என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.